தேம்ஸ் கரையில் 13 ஏக்கர்

நகரங்களின் வரலாற்றைப் படிக்கும்போது நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை அரசர்களின், மேயர்களின், கட்டிடக் கலைஞர்களின் பெயர்கள். ஒரு தெருவில் குடியிருந்தவர்கள் தம் தெருவைக் காப்பாற்றிக்கொண்ட கதை பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகிறது. அப்படியொரு கதை லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில், வாட்டர்லூ பாலத்துக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் இடையே நிகழ்ந்தது. காயின் ஸ்ட்ரீட் என்னும் சிறு தெருவின் பெயரால் அது அறியப்படுகிறது. குடியிருப்போர் போராடினார்கள், வென்றார்கள் என்ற அளவில் இதை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் வென்ற பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இக்கதையின் முழு எடை நமக்குப் புலப்படுகிறது.

தேம்ஸின் வடகரை அரண்மனைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது. தென்கரையோ நெடுங்காலம் உழைப்பவர்களின் கரையாக இருந்தது. படகுத்துறைகள், கிடங்குகள், சிறு தொழிற்கூடங்கள், அவற்றை ஒட்டி வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் சுமார் 50,000 பேர் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு பல வீடுகளை அழித்தது. பின்னர் சரக்குப் போக்குவரத்து நகரின் நடுவை விட்டு விலகியது. 1951இல் பிரிட்டன் விழா சற்று மேற்கே நடந்து, ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசை அரங்கு எழுந்தது. கலையின் கரை என்று ஒரு புதுப் பெயர் கிடைத்தது. ஆனால் பழைய குடிகள் திரும்பவில்லை. அலுவலகக் கட்டிடங்கள் பெருகின. 1970களின் தொடக்கத்தில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 4,000 பேர். மக்கள் குறையக் குறையப் பள்ளிகளும் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்நிலையில்தான் ஐரோப்பாவிலேயே உயரமான ஓட்டல் ஒன்றையும் பெரும் அலுவலகத் தொகுதிகளையும் இங்கே கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இதை எதிர்த்துக் குடியிருப்போர் 1977இல் காயின் ஸ்ட்ரீட் செயற்குழுவை அமைத்தனர். இவர்கள் வேண்டாம் என்று சொல்வதோடு நிற்கவில்லை என்பது இங்கே முக்கியமானது. வாடகை கட்டுப்படியாகும் வீடுகள், ஒரு பூங்கா, ஆற்றோரமாகத் தடையற்ற நடைபாதை, சிறு பட்டறைகள், கடைகள் என்று தமக்கு வேண்டியதை வரைபடமாகத் தாங்களே முன்வைத்தார்கள். மறுப்புக்குப் பதில் சொல்வது அரசுக்கு எளிது. மாற்றுத் திட்டத்துக்குப் பதில் சொல்வது அத்தனை எளிதன்று.

பிரிட்டனில் சர்ச்சைக்குரிய கட்டிடத் திட்டங்களைப் பொது விசாரணைக்கு உட்படுத்தும் முறை உண்டு. அரசு நியமிக்கும் ஆய்வாளர் இரு தரப்பையும் கேட்டு அறிக்கை தருவார். இறுதி முடிவு அமைச்சருடையது. 1979இல் நடந்த முதல் விசாரணைக்குப் பின், 1980இல் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அலுவலகத் திட்டம், மக்கள் திட்டம் இரண்டையுமே நிராகரித்தார். பின்பு கிரேகோட் என்ற நிறுவனம் ரிச்சர்ட் ராஜர்ஸின் வடிவமைப்போடு வந்தது. பாரிஸில் ரென்சோ பியானோவுடன் சேர்ந்து பொம்பிடு மையத்தை உருவாக்கிய அதே ராஜர்ஸ்தான். மக்களுக்கு எதிரே நின்றது அழகுணர்வற்ற ஒரு வணிகன் மட்டும் அல்லன், அக்காலத்தின் தலைசிறந்த கட்டிடக் கலைஞர்களுள் ஒருவரும்தான் என்பதை நாம் மறக்கலாகாது. 1981இல் தொடங்கிய இரண்டாவது விசாரணையின் முடிவு விந்தையானது: இம்முறை இரண்டு திட்டங்களுக்குமே அனுமதி கிடைத்தது!

ஒரே நிலத்தில் இரண்டு திட்டங்கள் எழ முடியாதல்லவா? ஆகவே நிலம் யார் கையில் என்ற பழைய கேள்வியிடமே வழக்கு திரும்பி வந்தது. நிலத்தின் ஒரு பகுதி கிரேகோட்டிடமும் மறுபகுதி லண்டன் பெருநகர மன்றத்திடமும் இருந்தது. 1981இல் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் தொழிற்கட்சி அம்மன்றத்தின் பொறுப்பேற்றிருந்தது. அது தன் பங்கை விற்க மறுத்தது. தொடர் எதிர்ப்பினாலும் தாமதத்தாலும் சோர்ந்த கிரேகோட், 1984இல் தன் பங்கை மன்றத்துக்கே விற்றுவிட்டு விலகியது. குடியிருப்போர் இதற்கெனத் தொடங்கிய, இலாப நோக்கற்ற காயின் ஸ்ட்ரீட் கம்யூனிட்டி பில்டர்ஸ் என்ற நிறுவனத்துக்கு 13 ஏக்கரும் சுமார் பத்து லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டன. விலை அத்தனை குறைவாக இருந்ததற்குக் காரணம், நிலத்தோடு பிணைக்கப்பட்ட நிபந்தனைகள்: வீடுகள், பூங்கா, நடைபாதை முதலிய பயன்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். அதுவும் தக்க தருணத்தில் நடந்தது. 1986 மார்ச் 31 அன்று தாட்சர் அரசு அப்பெருநகர மன்றத்தையே கலைத்துவிட்டது.

நிலம் கைக்கு வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விடை அதே ஆற்றில், சில மைல் கிழக்கே இருக்கிறது. ராயல் டாக்ஸ் என்ற துறைமுகப் பகுதியில் விமான நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு எதிராக அங்கிருந்த மக்களும் 1983இல், பெருநகர மன்றத்தின் துணையோடு, ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டார்கள். ஆனால் 1981இல் மைய அரசு அமைத்த வளர்ச்சிக் கழகத்தின் கையில் அங்கே கட்டிட அனுமதியும் நிலமும் குவிந்திருந்தன. 1987இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. மக்கள் திட்டம் ஏட்டில் தங்கியது. இரு கரைகளிலும் உழைப்பில் குறையில்லை, அறிவில் குறையில்லை. வேறுபாடு நிலத்தின் பத்திரத்தில் இருந்தது.

காயின் ஸ்ட்ரீட்டில் வீடுகள் மெல்லத்தான் எழுந்தன. 1988இல் மல்பெரி என்ற தொகுதியில் 56 வீடுகள். 1994இல் பாம் தொகுதியில் 27. அடுத்து ரெட்வுட்டில் 78. 2001இல் ஐரோகோவில் 59. மொத்தம் 220. ஒவ்வொரு தொகுதியும் ஒரு கூட்டுறவுச் சங்கம். குடியிருப்பவரே சங்கத்தின் உறுப்பினர். குடியேறுமுன் சங்கத்தை நடத்துவதற்கான பயிற்சியும் பெற வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தோருக்கு அவற்றைச் சலுகை விலையில் வாங்கும் உரிமையைத் தந்திருந்தது. லண்டனில் ஏராளமான வீடுகள் இவ்வாறு தனியார் கைக்குப் போயின. முழுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே இவ்வீடுகள் அடுத்த தலைமுறைக்கும் வாடகை வீடுகளாகவே நின்றன. ஆற்றோரப் பூங்காவுக்கு, போராட்டத்தில் பங்கேற்ற உள்ளூர்ப் பெண்மணி பெர்னி ஸ்பெயினின் பெயர் சூட்டப்பட்டது.

ரெட்வுட் அமைந்திருக்கும் கட்டிடம் தனியே சொல்லத்தக்கது. முதலில் அஞ்சல் துறையின் மின் நிலையமாக இருந்த அதை 1920களில் ஆக்ஸோ என்ற இறைச்சிச்சாறு வில்லைகளைத் தயாரித்த நிறுவனம் வாங்கியது. கோபுரத்தில் விளம்பரம் வைக்க அனுமதி மறுக்கப்படவே, வட்டம், பெருக்கல் குறி, வட்டம் என்று சன்னல்களையே அப்பெயரின் ஆங்கில எழுத்துகளாக அமைத்துவிட்டார்கள். 1996இல் புதுப்பிக்கப்பட்டபோது, நடு மாடிகளில் கூட்டுறவு வீடுகள், கீழே கைவினைஞர்களின் கடைகள், உச்சியில் செல்வர்களுக்கான உணவகம், அதனருகே எவரும் கட்டணமின்றி நின்று ஆற்றைப் பார்க்கும் மாடம் என்று அது மறுபிறவி எடுத்தது.

அந்த உணவகம் தற்செயலாக வந்ததன்று. உணவகமும் கடைகளும் வாகன நிறுத்துமிடங்களும் ஈட்டும் பணம்தான் பூங்காவையும் நடைபாதையையும் பராமரிக்கிறது. மானியம் வற்றிய காலத்தில் இது விவேகம். ஆனால் இங்கேயே சிக்கலும் தொடங்குகிறது. வணிகத்தை எதிர்த்தவர்கள் வணிகத்தால் வாழ வேண்டியவர்கள் ஆனார்கள்.

டூன் ஸ்ட்ரீட் விவகாரம் இதை வெளிச்சமிட்டது. பொது நீச்சல் குளம் ஒன்றைக் கட்டப் பணம் திரட்டும் பொருட்டு, 43 மாடிக் கோபுரம் எழுப்பி 329 வீடுகளைச் சந்தை விலைக்கு விற்க நிறுவனம் திட்டமிட்டது. உயரமான ஓட்டலை எதிர்த்துப் பிறந்த இயக்கம், தானே வானளாவிய கோபுரத்துக்கு அனுமதி கேட்டு நின்றது! விசாரணை ஆய்வாளர் மறுக்கப் பரிந்துரைத்தும், 2008இல் அமைச்சர் அனுமதி தந்தார். அதன் பின் பத்தாண்டுகள் கடந்தும் கோபுரம் எழவில்லை.

அடுத்தது தோட்டப் பாலம். தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த, மரங்கள் நிறைந்த நடைப்பாலம் ஒன்றை தேம்ஸின் குறுக்கே கட்டத் திட்டம் வந்தது. தென்கரையில் அது இறங்கும் நிலத்தின் குத்தகை காயின் ஸ்ட்ரீட் நிறுவனத்திடம் இருந்தது. நிறுவனம் திட்டத்தாரோடு பேச்சு நடத்தியது. அக்கம்பக்கத்தார் பலரோ, ஏற்கெனவே கரையில் நிற்கும் சுமார் 30 மரங்களை வெட்டி ஆற்றின் மேல் தோட்டம் போடுவது எதற்கு என்று கேட்டு எதிர்த்தார்கள். சுமார் 4.3 கோடி பவுண்டு அரசுப் பணம் கரைந்த பின், 2017 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் மக்கள் மனுக்களோடு நின்ற அதே கரையில், இம்முறை மக்களின் நிறுவனம் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தது.

இதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது அநியாயம் என்றே நாம் கருதுகிறோம். 220 குடும்பங்கள் லண்டனின் நடுவே, ஆற்றைப் பார்த்தபடி, தம் வருவாய்க்கு ஏற்ற வாடகையில் வாழ வழி செய்தது சிறு சாதனை அன்று. ஆனால் நிலவுடைமை தனக்கென ஒரு தர்க்கத்தை உடையது. யார் கைக்குப் போனாலும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறது. நிலம் இன்றி மக்கள் திட்டம் நிலைக்காது என்பதை ராயல் டாக்ஸ் காட்டியது. நிலம் வந்த பின்னும் அதை வைத்திருப்போரைக் கேள்வி கேட்க அக்கம்பக்கத்தார் வேண்டும் என்பதைக் காயின் ஸ்ட்ரீட்டே காட்டியது. 1977இல் கூடியவர்களிடம் பத்திரம் ஏதும் இருக்கவில்லை, கேள்வி இருந்தது. தோட்டப் பாலத்தின் முன் நின்றவர்களிடமும் அதுவே இருந்தது. அந்தத் தெருவின் உண்மையான வாரிசுரிமை அக்கேள்விதான் என்று நமக்குத் தோன்றுகிறது.