அடையாளம் தெரியாத எஸ்எம்எஃப் பதிவுகள்

ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில், கணினியின் செயல்பாட்டு விவரங்களைச் சேர்த்துவைக்கும் எஸ்எம்எஃப் பதிவேட்டில் எந்த மென்பொருள் எழுதியது என்று தெரியாமல் சேரும் பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள வகை எண்களில் 0 முதல் 127 வரை ஐபிஎம்முக்கு உரியவை. 128 முதல் 255 வரை பிற நிறுவன மென்பொருள்களுக்கும் பயனர் நிரல்களுக்கும். பின்னவற்றைக் கணினி மையமே ஒதுக்கிக்கொள்வதால், ஓரிடத்து 230 இன்னோரிடத்தில் வேறொன்று. ஒதுக்கியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பதும் உண்டு. பதிவின் தலைப்பகுதியில் நேரம், தேதி, கணினி அடையாளம் இருக்கும்; எழுதிய நிரலின் பெயர் இருக்கக் கட்டாயமில்லை. ஆகவே பதிவை மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக் எழுத்துகளாக விரித்துப் பார்ப்பதே முதல் வேலை: மென்பொருளின் பெயரோ பதிப்பெண்ணோ உள்ளே தட்டுப்படலாம். இல்லையென்றால், பதிவு எழுதப்படும் தறுவாயில் இயங்கும் ஐஇஎஃப்யூ83, 84, 85 ஆகிய இடைமறிப்பு நிரல்களில் பொறி வைத்து, அப்போது ஓடும் பணியின் பெயரைப் பிடிக்கலாம்.