வடசென்னைக் கழிமுகத்தில் இறைச்சி வேட்டையும் சுடுதொலைவும்

சுடுதொலைவு என்பது வேட்டையாடுபவர் துப்பாக்கியின் விசையை இழுக்கும் நொடியில் அவருக்கும் இரைக்கும் இடையே உள்ள தூரம். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் பாயும் என்பது வேறு, இறைச்சிக்காகச் சுடுபவர் எவ்வளவு தூரத்தில் சுட்டார் என்பது வேறு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் குண்டு பாயும் ரைபிள்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் திருவொற்றியூர், எண்ணூர், பழவேற்காடு போன்ற நீர்நிலைப் பகுதிகளில் சட்டிக்கு வந்த பறவைகள் பெரும்பாலும் 20 முதல் 40 கஜத்துக்குள் சுடப்பட்டவை. ஒரு கஜம் 0.91 மீட்டர். அம்பு, நாட்டுத் துப்பாக்கி, தோட்டாத் துப்பாக்கி என்று கருவிகள் மாறியபோதும் இந்தத் தூரம் அதிகம் மாறவில்லை. அதற்கான காரணங்களையும், சட்டம் இந்த வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்த வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் நீரும்

இன்று விம்கோ நகர் என்றால் தொடர்வண்டி நிலையமும் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் நினைவுக்கு வரும். தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்திய விம்கோ நிறுவனத்தின் பெயரே ஊருக்கு வந்தது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் மணலிச் சதுப்பு, வடக்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் என்று நான்கில் மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நிலம் இது. இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி.

சென்னையிலிருந்து எண்ணூர் வரை பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் 1806இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் அது வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டு, 1878இல் அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. படகில் எளிதாகப் போய்வர முடிந்ததால் எண்ணூர், ஐரோப்பியர் ஓய்வுக்குச் சென்று தங்கும் இடமாயிற்று.

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து பறவைகள் இங்கே வலசை வரும். கோரை உள்ளான், ஊசிவால் உள்ளான், கிளுவை, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகியவை ஏப்ரல் வரை தங்கும். நாமக்கோழி, மடையான், கொக்கு, காடை, கௌதாரி ஆகியவற்றையும் மக்கள் உண்டனர். வேட்டைப் பருவம் என்பது இந்தப் பறவைகளின் வருகையை ஒட்டி அமைந்தது.

துப்பாக்கிக்கு முன்

தமிழில் தூரத்தைச் சொல்லக் கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், அம்பு பாயும் தூரம் என்ற வழக்குகள் உண்டு. அம்பு நூறு கஜத்துக்கு மேலும் பாயும். ஆனால் இறைச்சிக்காக வில் ஏந்துபவர்கள் உலகெங்கும் 10 முதல் 30 மீட்டருக்குள்ளேயே எய்தனர். அதற்கு மேல் போனால் அம்பு போய்ச் சேருவதற்குள் இரை நகர்ந்துவிடும். களிமண் உருண்டையை எறியும் உண்டிவில்லுக்கும் கவணுக்கும் இதே வரம்புதான்.

தூரத்தை அறவே இல்லாமல் செய்யும் முறைகளும் இருந்தன. கண்ணியும் வலையும் அவற்றில் முதன்மையானவை. இந்தியாவின் பல ஏரிகளில் மண்பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து, வாத்தின் காலைப் பிடித்து நீருக்குள் இழுக்கும் முறை வழக்கில் இருந்தது. மிதக்கும் பானையைக் கண்டு பறவை பயப்படாமல் இருக்க, முன்கூட்டியே வெறும் பானைகளை நாட்கணக்கில் மிதக்க விட்டுப் பழக்கினர்.

நாட்டுத் துப்பாக்கி

முதலில் வந்தது கனலும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கி. 19ஆம் நூற்றாண்டில் கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி பரவியது. இரண்டிலும் குழலின் வாய்வழியாகவே கருமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈய ரவையைப் போட்டு மறுபடி அடைக்க வேண்டும். கருமருந்து என்பது ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பும் மீதி கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை.

ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிடம்வரை ஆகும். அதற்குள் ஏரியில் ஒரு பறவையும் இருக்காது. ஆகவே நாட்டுத் துப்பாக்கிக்காரருக்குக் கையில் இருப்பது ஒரே வெடி. அந்த ஒரு வெடிக்கு மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்கியவை. சுமார் 100 கிராம் எடையுள்ள ஓர் உள்ளானுக்கு 30 கிராம் ஈயத்தைச் செலவழிப்பது கட்டுப்படியாகாது. அதனால் அவர் பறவைகள் கூட்டமாக உட்காரும்வரை காத்திருந்து, 25 முதல் 35 கஜத்துக்குள் நெருங்கி, ஒரே வெடியில் பலவற்றை வீழ்த்தப் பார்த்தார்.

ரவையின் கணக்கு

பறவை வேட்டைக்குப் பெரிதும் பயன்பட்டது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். அதன் விட்டம் 18.5 மில்லிமீட்டர். இதிலிருந்து ஒற்றைக் குண்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான ரவைகள் வெளிவந்து, போகப் போக விரியும்.

துப்பாக்கியைச் சோதிக்க 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை இலக்காக வைப்பது வழக்கம். ஆங்கில அளவில் 6ஆம் எண் ரவை 30 கிராமுக்குச் சுமார் 285 இருக்கும். நேர்க்குழல் துப்பாக்கியில் அவற்றில் 40 விழுக்காடு, அதாவது 115 ரவைகள் அந்த வட்டத்துக்குள் விழும். குழலின் நுனியைச் சற்றுக் குறுக்கும் ‘சோக்’ முறை 1875இல் லண்டனில் நடந்த சோதனைகளுக்குப் பிறகு புகழ்பெற்றது. முழுச் சோக் வைத்த குழலில் 70 விழுக்காடு, அதாவது 200 ரவைகள் வட்டத்துக்குள் விழும்.

115 ரவைகளை அந்த வட்டத்தில் பரப்பினால் 40 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ரவை வீதம் வரும். கிளுவை போன்ற சிறிய வாத்தின் உடலில் மூன்று நான்கு ரவைகள் படும். அதைக் கொல்ல அது போதும். 60 கஜத்துக்குத் தூரம் கூடினால் வட்டத்துக்குள் விழும் ரவைகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பறவையின் உடலில் ஒன்று படலாம், ஒன்றும் படாமலும் போகலாம். ரவையின் வேகமும் 40 கஜத்திலேயே கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியிருக்கும்.

பறக்கும் பறவை என்றால் சிக்கல் இன்னும் கூடும். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வாத்தை 40 கஜத்தில் சுட்டால், ரவை போய்ச் சேரும் நேரத்தில் அது இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அந்த இரண்டு மீட்டரை முன்கூட்டியே கணித்துச் சுட வேண்டும். இவை யாவும் சேர்ந்தே 40 கஜத்தை நடைமுறை எல்லையாக்கின.

மிக அருகில் சுடுவதிலும் இழப்பு உண்டு. 10 கஜத்தில் ரவை விரியாமல் ஒரே கற்றையாகப் போகும். பறவை சிதைந்து இறைச்சி உதவாது. விற்கவோ சமைக்கவோ எண்ணுபவர் 20 கஜமாவது தள்ளி நிற்பார்.

உள்ளானும் ஐரோப்பியர் வேட்டையும்

சென்னையைச் சுற்றிய நெல்வயல்களில் உள்ளான் சுடுவது ஆங்கிலேய அதிகாரிகளின் பெரும் பொழுதுபோக்கு. காலடிக்கு மிக அருகில் திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும் இப்பறவையை 20 முதல் 35 கஜத்துக்குள் சுட்டாக வேண்டும். உள்ளானின் ஆங்கிலப் பெயர் ‘ஸ்னைப்’. அதைச் சுடப் போவதைக் குறித்து 1770களில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வழங்கிய சொல்லிலிருந்தே மறைந்திருந்து தொலைவில் சுடும் படைவீரரைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்ற சொல் பிறந்தது. இன்று நெடுந்தொலைவை நினைவூட்டும் அச்சொல்லின் பிறப்பிடம் மிகக் குறுகிய தூர வேட்டை.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டனின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1862–64இலும், ஹியூமும் மார்ஷலும் எழுதிய வேட்டைப் பறவைகள் பற்றிய மூன்று தொகுதிகள் 1879–81இலும் வெளிவந்தன. பறவையை உட்கார்ந்த நிலையில் சுடுவது இழிவு என்பது ஆங்கிலேய வேட்டைக்காரரின் மரபு. அவரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கியும் பை நிறையத் தோட்டாக்களும் இருந்தன. உட்கார்ந்த கூட்டத்தை ஒரே வெடியில் சுட்ட உள்ளூர்க்காரருக்கோ அன்றைய சோறு அதில் இருந்தது. இருவரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றே சுட்டார்கள். ஒருவர் செய்தது விளையாட்டு என்றும் மற்றவர் செய்தது திருட்டு வேட்டை என்றும் பெயர் பெற்றன.

ரைபிளின் தொலைவு

மான், பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு ஒற்றைக் குண்டும், குழலுக்குள் திருகுவரி வெட்டிய ரைபிளும் தேவை. கருமருந்துக் காலத்து ‘எக்ஸ்பிரஸ்’ ரைபிள்களுக்கு 150 கஜம்வரை குறிமுள்ளை மாற்றாமல் சுடலாம் என்பதே சிறப்பு. வெட்டவெளியில் மேயும் வெளிமான் 100 கஜத்துக்கு மேல் சுடப்பட்டது. புதர்க்காட்டில் புள்ளிமானும் பன்றியும் 50 கஜத்துக்குள் சுடப்பட்டன.

இதே காலத்தில் இராணுவ லீ-என்ஃபீல்டு ரைபிளின் குறிமுள் 2000 கஜம்வரை அளவிடப்பட்டிருந்தது. இந்தப் பெயருக்கும் வடசென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையின் பெயர், இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலைக்கு அதன் மூல நிறுவனம் உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்தது.

நெருங்கும் கலை

துப்பாக்கியின் எல்லை 40 கஜம் என்றால், மீதித் தூரத்தைக் கடப்பது வேட்டைக்காரரின் திறன். தமிழகத்தில் இதில் பெயர் பெற்றவர்கள் நரிக்குறவர்கள். கௌதாரியின் குரலையும் காடையின் குரலையும் வாயால் எழுப்பி அவற்றைத் தம்மிடம் வரவழைப்பார்கள். பழக்கிய பார்வைப் பறவையைக் கூண்டில் வைத்து மற்றவற்றை ஈர்ப்பதும் உண்டு. மேயும் மாட்டின் மறைவில் நடந்து நெருங்குவது இந்தியாவின் பல பகுதிகளில் வேட்டைச் சமூகங்கள் அறிந்த முறை. இருளர்கள் துப்பாக்கியைவிடப் பொறியையும் கண்ணியையும் கையையுமே நம்பினர்.

இலங்கையில் வழங்கிய கட்டுத்துவக்கு இன்னொரு வழி. விலங்கு நடக்கும் தடத்தில் துப்பாக்கியைக் கட்டிவைத்து, விசையில் இணைத்த கயிற்றை விலங்கே இடறும்படி விடுவார்கள். தூரம் சில அடிகள்தான். அவ்வழியே போகும் மனிதரையும் அது கொல்லும் என்பதால் அங்கும் அது குற்றம்.

காயம்பட்ட பறவை

எல்லை தாண்டிச் சுடுவதன் விலையைப் பறவையே கொடுக்கிறது. ஓரிரு ரவை பட்டு உடனே சாகாத வாத்து கோரைக்குள் புகுந்து பிறகு சாகும். அந்த இறைச்சி யாருக்கும் கிடைக்காது. நீரடியில் படிந்த ஈய ரவையை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவதும் உண்டு. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈரநிலங்களிலும் ஈய ரவையைத் தடை செய்தன. எடை குறைந்த எஃகு ரவை சீக்கிரம் வேகம் இழப்பதால் அங்கே சுடுதொலைவு மேலும் சுருங்கியது.

சட்டமும் தடையும்

1878 ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டை கூடாத காலத்தை வகுக்க வழி செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல உயிரினங்களை முழுமையாகக் காத்தது. சிலவற்றை உரிமம் பெற்று வேட்டையாட மட்டும் விட்டுவைத்தது. அப்போதும் வண்டியிலிருந்து சுடுவது, விளக்கொளியில் சுடுவது போன்றவை கட்டுப்படுத்தப்பட்டன. இரை தப்பிக்க வாய்ப்பின்றித் தூரத்தைக் குறைக்கும் உத்திகள் இவை. 1991 திருத்தம் உரிம வேட்டையையும் நிறுத்தியது. இன்று காட்டுப் பறவையைச் சுடுவது, வலை வைத்துப் பிடிப்பது இரண்டுமே குற்றம். மூன்று ஆண்டுவரை சிறையோ, 2022 திருத்தத்தின்படி ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமம் தேவைப்படாத ஏர்கன்னால் கொன்றாலும் இது பொருந்தும்.

பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் புகலிடமானது. பறவைகளின் அழிவைத் தடுக்க இது தேவைப்பட்டது. ஆனால் வேட்டையை மட்டுமே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்பு அதே வேகத்தில் வரவில்லை. ஊசி, பாசிமணி விற்பனையே பலருக்குத் தொழிலாயிற்று. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

பறவை வைக்கும் தூரம்

மனிதர் எவ்வளவு நெருங்கினால் பறவை எழுந்து பறக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். வேட்டை நடக்கும் இடங்களில் அந்தத் தூரம் கூடுகிறது, வேட்டையற்ற இடங்களில் குறைகிறது. வேடந்தாங்கலில் 1790களில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரம். அங்கே இன்றும் பறவைகள் ஊரை ஒட்டிய மரங்களில் அஞ்சாமல் கூடு கட்டுகின்றன. மணலியிலும் எண்ணூரிலும் துப்பாக்கிச் சத்தம் நின்றபின், சாம்பல் கழிவும் எண்ணெய்க் கசிவும் ஆக்கிரமிப்பும் பறவைகள் இறங்கும் நீர்ப்பரப்பையே சுருக்கிவருகின்றன. 40 கஜத்துக்கு அப்பால் பறந்துவிட்டால் பறவை வேட்டைக்காரரிடம் இருந்து தப்பிவிடும். இறங்க இடமே இல்லாமல் போவதிலிருந்து தப்ப அப்படி ஒரு தூரம் அதற்கு இல்லை.