குசினியே முதல் ஆய்வுகூடம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததும், ஜாம் போத்தலில் விளக்குச் செய்ததும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் எம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவற்றுக்குள் இருந்ததும் விஞ்ஞானம்தான். அன்று தேவைக்காகச் செய்தோம். இன்று, ஆய்வுகூட வசதியில்லாத பாடசாலைகளில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இரசாயனவியலின் முதற் பாடத்தை வீட்டுக் குசினியிலேயே தொடங்கி வைக்கலாம்.

மஞ்சள் கடதாசி: மஞ்சள்தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து வெள்ளைக் கடதாசியில் பூசிக் காயவிடுங்கள். அதில் சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் செங்கபிலமாகும். அதன்மேல் தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமச் சிவப்பாவதும் இதனாலேயே.

செவ்வரத்தைச் சாறு: சிவப்புச் செவ்வரத்தை இதழ்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்து, மூன்று கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் தேசிக்காய்ச் சாறு விட்டால் கடுஞ்சிவப்பாகும். இன்னொன்றில் அப்பச்சோடா இட்டால் பச்சை கலந்த நிறமாகும். மூன்றாவதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விடுங்கள்.

தானாக ஊதும் பலூன்: வெற்றுப் போத்தலில் மூன்று தேசிக்காய்களின் சாற்றை விடுங்கள். பலூனுக்குள் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா இட்டு, அதைப் போத்தல் வாயில் மாட்டி நிமிர்த்துங்கள். அமிலமும் சோடாவும் தாக்கமுற்று வெளிவரும் காபனீரொட்சைட்டு வாயு பலூனை ஊதும்.

கவனிக்க வேண்டியவை: சுடுதண்ணீரைப் பெரியவர்களே கையாள வேண்டும். பலூனுக்குப் பதிலாகப் போத்தலை மூடியால் இறுக்கக் கூடாது. வாயு அழுத்தத்தால் வெடிக்கலாம். மலசலகூடம் கழுவும் திரவங்களையும் வெளிற்றும் தூளையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சு வாயு உண்டாகும். செய்து முடித்த எதையும் குடிக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் பரிசோதனை செய்து பழகும் பிள்ளைக்கு வெளியில் கிடப்பதையும் பரிசோதிக்கத் தோன்றும். காணியிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல், தட்டாமல், உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதையும் அதே நாளில் சொல்லிக் கொடுங்கள்.

பரிசோதனைக்கு முன் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதைக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். அது பிழைத்தால் ஏசாதீர்கள். ஏன் பிழைத்தது என்று பிள்ளை யோசிக்கும் இடத்தில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.