முப்பாய்ச்சலுக்குள் ஓர் எட்டு

நவி மும்பையின் நெருளில் ஒரு பள்ளி விளையாட்டு விழா நடக்கட்டும். ஒரே மணற்குழிக்கு எத்தனை பெயர் என்று காது கொடுத்துக் கேளுங்கள். மராத்தி ஆசிரியருக்கு அது ‘திஹேரி உடி’, இந்திக்காரருக்குத் ‘திரிகூத்’, பயிற்சியாளருக்கு ‘டிரிபிள் ஜம்ப்’. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாணேக் கழியைக் கடந்து இங்கே குடிவந்த தமிழ் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டால், பெரியவர்கள் சற்றே யோசித்து, நாளிதழில் படித்த நினைவில் ‘மும்முறை தாண்டுதல்’ என்பார்கள். ஊர்ப்பெயரையே பாருங்கள்: மராத்தியில் எகரக் குறில் கிடையாது. ஆகவே இவ்வூர்க்காரர் வாயில் ஊர்ப்பெயரின் முதலெழுத்து நேகாரமாகத்தான் ஒலிக்கும். நாம் அதைக் குறுக்கி ‘நெருள்’ ஆக்கினோம், இறுதி ளகரத்தை மட்டும் பழுதின்றிக் காப்பாற்றிக்கொண்டோம். ஊர்ப்பெயரைக் குறுக்கிய நாம் விளையாட்டின் பெயரை நீட்டிவிட்டோம் என்பதுதான் வேடிக்கை.

‘மும்முறை தாண்டுதல்’ என்ற தொடரைப் பிரித்துப் பார்ப்போம். மூன்று என்னும் எண் முதல் குறுகி, வருமொழி முதல் மெய் இரட்டித்து, முத்தமிழும் முக்கனியும் மும்மாரியும் ஆனதுபோல் மும்முறையும் ஆயிற்று, அதில் குறையில்லை. குறை ‘முறை’யில் இருக்கிறது. மும்முறை என்றால் மூன்று தடவை. இந்தப் போட்டியிலோ ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு உண்டு. வழக்கமாக முதல் எட்டு இடத்துக்குள் வருபவர்களுக்கு மேலும் மூன்று. ஆகவே ஒரு பெண் மும்முறை தாண்டினாள் என்றால், மூன்று வாய்ப்பைப் பயன்படுத்தினாள் என்பதா, ஒரே வாய்ப்பில் மூன்று எழும்பல் எழும்பினாள் என்பதா? இறுதிச் சுற்றுக்குப் போனவள் ‘மும்முறை தாண்டுதலை’ ஆறு முறை தாண்டுகிறாள் என்று எழுத நேரும்போது கணக்கே தடுமாறுகிறது.

தாண்டு என்ற வினையும் இங்கே அவ்வளவாக ஒட்டவில்லை. அது செயப்படுபொருள் வேண்டி நிற்கும் சொல். வாசலைத் தாண்டுவோம், எல்லையைத் தாண்டுவோம், அனுமன் கடலைத் தாண்டினான். உயரம் தாண்டுதலில் தாண்டுவதற்கு ஒரு குறுக்குக்கம்பு இருக்கிறது. நீளம் தாண்டுதலில் நீளத்தையே தாண்டுபொருளாகக் கொள்ளலாம். மும்முறை தாண்டுதலில் ‘எதை’ என்ற கேள்விக்கு விடை இல்லை. (தாண்டவத்தைத் தாண்டு என்னும் வேரோடு சேர்ப்பவர் பாவாணர் வழியினர், வடமொழி மரபோ அதைத் தண்டு என்பவர் பெயரோடு இணைக்கும். அந்த வழக்கில் இப்போது புக வேண்டாம்.)

பாக்கு நீரிணையைத் தாண்டினால் அங்கே வேறு பெயர் காத்திருக்கிறது. நாம் ‘தடகளம்’ என்பதை ‘மெய்வல்லுநர்’ போட்டி என்று சொல்லும் ஈழத்தமிழர் இந்த விளையாட்டை ‘முப்பாய்ச்சல்’ என்கிறார்கள். முப்பால்போல ஒரே மூச்சில் வந்து விழும் சொல். நடுவில் பகரம் இரட்டித்து நிற்பதில் காலை ஊன்றும் ஓசை கேட்கிறது, சகரம் இரட்டிக்கும்போது மணல் சிதறுகிறது. பாய் என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. எதையும் கடக்க வேண்டாம், புலி பாய்வதுபோல், வாய்க்காலில் நீர் பாய்வதுபோல், முன்னே போனால் போதும். உயரத்தையும் அவர்கள் ‘உயரம் பாய்தல்’ என்பது எனக்கு உவப்பில்லை. கம்பியைத் தாண்டத்தானே வேண்டும்? ஆனால் முப்பாய்ச்சலில் அவர்கள் காதுதான் நம் காதைவிடக் கூர்மையானது.

இந்தப் பெயருக்கும் ஒரு குறை உண்டு. மூன்று பாய்ச்சலும் ஒரே தன்மையுடையவை என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பழைய பெயர் ‘ஹாப், ஸ்டெப் அண்டு ஜம்ப்’. மூன்று செயலுக்கும் தனித்தனிப் பெயர். ‘டிரிபிள்’ என்ற எண் பின்னால் வந்து அந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டது. மராத்தியின் திஹேரியும் இந்தியின் திரியும் நம் மும்மையும் அந்த எண்ணைத்தான் பெயர்த்தன. செயலைப் பெயர்த்திருந்தால்? முதற்படியில் எந்தக் காலால் எழும்பினாளோ அதே காலில் இறங்க வேண்டும். ஒற்றைக்காலால் எழும்பி அதே காலில் இறங்குவதற்குத் தமிழில் கெந்துதல் என்று ஒரு சொல் உண்டு. தத்துதல் வேறு, தவளையும் சிட்டுக்குருவியும் தத்தும், அதற்கு இரு காலும் சேர்ந்து வேலை செய்யும். (தத்துப்பிள்ளையின் தத்து ‘தத்த’ என்ற வடசொல் வழி வந்தது; ஒலி ஒன்றானாலும் உறவில்லை.) சூத்திரங்கள் ஒன்றைவிட்டு ஒன்றைத் தொடுவதற்குத் ‘தவளைப் பாய்த்து’ என்று பெயரிட்டவர்கள் நம் இலக்கணிகள், இந்த அசைவுகளையெல்லாம் கூர்ந்து பார்த்தவர்கள்தாம்.

இரண்டாம் படியில் மறுகாலில் இறங்க வேண்டும். இதற்கு ‘எட்டு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘ஓர் எட்டு போய்விட்டு வந்துவிடு’ என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த எட்டு. அகலக் கால்வைத்து எட்டிப்பிடிக்கும் எட்டு. மூன்றாம் படிதான் பாய்ச்சல். கெந்து, எட்டு, பாய்: முதலிரண்டும் ஈரசையாய், மூன்றாவது ஓரசையாய், ஓட்டத்தின் தாளத்திலேயே அமைகின்றன. மூன்றுக்குள் ஓர் எட்டு ஒளிந்திருப்பது கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்காமல் போகலாம். சொல்லை விரும்புபவர்க்குப் பிடிக்கும்.

தொடக்கத்தில் எல்லாரும் இப்படித் தாண்டியதில்லை. 1896இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளரான அமெரிக்கர் ஜேம்ஸ் கனாலி இந்த விளையாட்டில்தான் வென்றார். ஆனால் அவர் இருமுறை கெந்திவிட்டு ஒருமுறை பாய்ந்தார், எட்டு வைக்கவே இல்லை. அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்த விளையாட்டு வர 1996 வரை, சரியாக நூறாண்டு ஆயிற்று. பெண்ணுடல் அதிர்வைத் தாங்காது என்று பேசினார்கள். பாண்டி கட்டத்தில் கெந்தியே வளர்ந்த பெண்கள் எந்த ஊரிலும் இருந்திருக்கிறார்கள். மராட்டியத்தில் ஒற்றைக்காலால் துரத்திப் பிடிக்கும் ‘லங்கடி’யும் சிறுமியர் விளையாட்டுத்தான். இந்தத் தடையில் முதலில் விரிசல் கண்டது இளையோர் பக்கம்: 1992இல் சியோலில் நடந்த உலக இளையோர் போட்டியில் பெண்கள் முப்பாய்ச்சல் சேர்ந்தது, பெரியவர்களின் உலகத் தடகளப் போட்டியில் அடுத்த ஆண்டுதான், ஸ்டுட்கார்ட்டில். தங்கைமார் முன்னே போக, அக்காமார் பின்னே வந்தார்கள். 1996இல் சிட்னியில் நடந்த இளையோர் போட்டியில் 14.62 மீட்டர் பாய்ந்த பல்கேரியப் பெண் தெரேசா மரினோவா, அதே சிட்னியில் 2000 ஒலிம்பிக்கில் 15.20 பாய்ந்து தங்கம் வாங்கினார். நம் நாட்டில் 14 மீட்டரைத் தாண்டிய கேரளத்து மயூகா ஜானி 2011இல் கோபேயில் பாய்ந்தது 14.11. 2022இல் கொலம்பியாவின் காலியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆடவர் பிரிவு வெள்ளி மதுரைப் பையன் செல்வபிரபுவுக்கு, 16.15 மீட்டர்.

‘20 வயதுக்குட்பட்டோர்’ என்ற நீளத் தொடரைவிட ‘இளையோர்’ எனக்கு இனிக்கிறது. தொல்காப்பியத்தில் ஏவலராய் நின்ற சொல், சங்கப் பாட்டில் இளையராய் வாளேந்திப் போனது, இன்று தடகளத்தில் வந்து நிற்கிறது.

இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட மனமில்லை. உலகளந்தவன் மூவடி வைத்ததைக் குறிக்க வள்ளுவர் 610ஆம் குறளில் தாவு என்னும் வேரிலிருந்து ‘தாஅயது’ என்று ஒரு வடிவம் எடுக்கிறார். ஓசைக்காக வந்த அளபெடை என்பது இலக்கணம் சொல்லும் காரணம். உரக்கச் சொல்லிப் பாருங்கள்: தாகாரத்தில் எழும்பிய குரல் அகரத்தில் ஒரு கணம் காற்றில் நின்று, பிறகுதான் யகரத்தில் இறங்குகிறது. முப்பாய்ச்சலுக்குத் ‘தாஅயல்’ என்று பெயர் வைக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. நாளிதழ்க்காரர்கள் முப்பாய்ச்சலையும் ஏற்கப் போவதில்லை; அவர்கள் ‘மும்முறை தாண்டுதல்’ என்றே எழுதட்டும். நடுவில் அந்தத் தகர ஒற்றையாவது போட்டு ‘மும்முறைத் தாண்டல்’ என்று தொகையாக்கிவிட்டால், மூன்று தடவை என்ற பொருள் மயக்கம் பாதியாவது தெளியும்.