கடைமடைச் சுரம்

தாமிரபருணிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு விஷயத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமடை வயல் நிறைந்த பிறகுதான் கடைமடை வயலுக்குத் தண்ணீர். கால்வாய் ஒன்று, வயல்கள் நூறு என்றால், கடைசி வயல்காரர் வரப்பில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

நம் முன்னோர்கள் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். ஒரே கால்வாயை நீட்டிக்கொண்டே போகாமல், ஆற்றின் நெடுகிலும் அணை கட்டித் தனித்தனியே கால் வெட்டினார்கள். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். சுத்தமல்லி அணையிலிருந்து நெல்லைக் கால்வாய். பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாய். ஆறு ஒன்றுதான், வழிகள் பல.

இந்தப் பழைய ஏற்பாடு சமீபத்தில் என் நினைவுக்கு வந்த இடம் வயல்வெளி அல்ல. பாளையங்கோட்டையில் ஒரு சிநேகிதரின் வீட்டு மாடியறை! அவருடைய மகன் அங்கே சொந்தமாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். ஒரு கம்ப்யூட்டர், ஐந்தாறு பழைய கீபோர்டுகள், தாள யந்திரம் ஒன்று. நடுவிலே வெற்றிலைப் பெட்டி அளவில் மூன்று பெட்டிகள்.

"எதுக்குலே இத்தனை பெட்டி? ஒண்ணு போதாதா?" என்று கேட்டேன்.

"போதாது மாமா. எல்லாத்தையும் ஒண்ணுல கோத்தா, கடைசியில இருக்கிறது நொண்டும்" என்றான்.

கடைமடை வயல்காரரின் புகார்தான் இது, சந்தேகமே இல்லை. இதன் பூர்வ கதையை விசாரித்தபோது மிகவும் சுவாரசியமாக இருந்தது.

ஒரு காலத்தில் ஒரு கம்பெனி செய்த மின்வாத்தியத்துக்கு மற்றொரு கம்பெனி வாத்தியத்தின் பாஷை புரியாது. அமெரிக்காவில் டேவ் ஸ்மித் என்பவரும், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுடாரோ காகேஹாஷியும் இதை மாற்ற முனைந்தார்கள். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், ஸ்மித்தின் வாத்தியத்தையும் ரோலண்ட் வாத்தியத்தையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றை வாசிக்க, மற்றொன்றும் ஒலித்தது. அந்தப் பொதுப் பாஷைக்கு மிடி என்று பெயர். தமிழில் மிடி என்றால் வறுமை. ஆனால் இந்த மிடியோ தாராள குணம் கொண்டது. இதைக் கையாள எந்தக் கம்பெனியும் உரிமைப் பணம் கட்ட வேண்டியதில்லை. உலகமெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். 2013-இல் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது.

மிடிக் கம்பியில் ஓடுவது நாதம் அல்ல, உத்தரவு. 'இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தி வாசி, இப்போது விட்டுவிடு' என்பது போன்ற கட்டளைகள். ஒரு கம்பியில் 16 வாத்தியங்களுக்குத் தனித்தனியே உத்தரவிடலாம். ஆனால் உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 துளிச் செய்திகள். ஒரு சுரத்தை ஒலிக்கச் சொல்ல 30 துளிகள் வேண்டும். அதாவது விநாடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதினாறு வாத்தியங்களும் ஒரே சமயத்தில் முழங்க வேண்டுமானால், முதல் வாத்தியத்துக்கும் கடைசி வாத்தியத்துக்கும் இடையே ஆயிரத்தில் பதினைந்து பங்கு தாமதம். இது என்ன பிரமாதம் என்று தோன்றும். மத்தளத்தில் அடி விழுவது அவ்வளவு பிந்தினால் தேர்ந்த காது கண்டுபிடித்துவிடும்.

அதிலும் நம்முடைய சங்கீதத்துக்குக் கஷ்டம் அதிகம். பியானோவில் சுரத்தைத் தட்டினால் காரியம் முடிந்தது. நமக்கோ சுரம் அசைய வேண்டும், வழுக்க வேண்டும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உள்ள காருக்குறிச்சியில் பிறந்த அருணாசலத்தின் நாகஸ்வரத்தை, 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் கேட்டவர்களுக்கு அது தெரியும். அப்படி ஒரு கமகத்தை மிடியில் சொல்ல வேண்டுமானால், 'இன்னும் கொஞ்சம் ஏற்று, இறக்கு' என்று உத்தரவுகளை மழையாகப் பொழிய வேண்டும். அந்த வெள்ளத்தில் தாள யந்திரத்துக்குப் போகும் உத்தரவு சிக்கிக்கொள்ளும்.

யந்திரக்காரர்கள் கண்ட வழி நம் அணைகட்டிகளின் வழியேதான். 1980-களின் இறுதிக்குள் ஒரே பெட்டியில் எட்டு வாயில்கள் வந்துவிட்டன. வாயிலுக்கு 16 வீதம் 128 வாத்தியங்கள். அங்கேயும் எட்டு! பெரிய பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சிறு பெட்டிகள் இரண்டு மூன்றைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் வெவ்வேறு பெட்டிகள் வெவ்வேறு அளவு தாமதம் செய்யும். அதனால் தாள வாத்தியங்களை எல்லாம் ஒரே பெட்டியில் வைப்பது நல்லது. காலப் பிரமாணம் சொல்லும் அதிகாரத்தையும் ஒரே இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கச்சேரியில் இரண்டு பேர் தாளம் போட்டால் என்ன ஆகும்?

தமிழ் சினிமாவில் இந்த வித்தை 1980-களிலேயே நுழைந்தது. 1986-இல் இளையராஜா 'புன்னகை மன்ன'னுக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்தில் உருவான 'ரோஜா' 1992-இல் வெளிவந்தது. அதன்பின் பெரிய கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்த பலருக்கு அழைப்பு குறைந்தது. புதுக் கால் வெட்டினால் பழைய கால் சிலருக்கு வற்றுகிறது. இதை வளர்ச்சி என்று மட்டும் சொல்லித் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பல வாத்தியங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியேறிவிட்டன, கம்பியே தேவையில்லை. பழைய கீபோர்டுகளை விட மனமில்லாதவர்களுக்குத்தான் இந்தப் பெட்டிகள். "பாட்டுப் பதிய மெட்ராஸ் போவியா?" என்று பையனைக் கேட்டேன். போவதில்லையாம். பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் கோஷ்டி ஒன்று மறுநாள் பதிவுக்கு அவனிடமே வருகிறதாம். உடுக்கைக்காரருக்கு யந்திரத்தோடு வாசிக்கச் சம்மதமில்லை என்று சொன்னான். அவருக்காக ஒரு மைக் வைத்திருந்தான்.