‘தமிழ் பேசும் மக்கள்’: தாயகக் கோரிக்கையும் முஸ்லிம் ஆதரவும் – தீவகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1885ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபையிற் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். சோனகத் தலைவர்கள் அதனை வன்மையாக மறுத்தனர். இவ்வனுபவத்தின் பின்னணியிலேயே, 1949இல் சா. ஜே. வே. செல்வநாயகம் தோற்றுவித்த தமிழரசுக் கட்சி கையாண்ட ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் தொடரை நோக்குதல் வேண்டும். இனத்தால் ஒன்றாகுமாறு கேளாது, மொழியால் உடன்வருமாறு அது முஸ்லிம்களை அழைத்தது.

அவ்வழைப்பு வீண்போகவில்லை. தனிச்சிங்களச் சட்டம் தம்மையும் தாக்குமென உணர்ந்த கீழ்மாகாண முஸ்லிம் வாக்காளர், 1956இல் கல்முனையில் எம். எஸ். காரியப்பரையும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவையும் தமிழரசுக் கட்சியின் சார்பிலே தெரிவுசெய்தனர். உறுப்பினர் இருவரும் பின்னர் கட்சி மாறினராயினும், மக்கள் அளித்த ஆதரவு மெய்யானதே.

சமஷ்டி தனிநாடாக மாறிய வரலாற்றில் யாழ்ப்பாணத் தீவகத்திற்குச் சிறப்பிடமுண்டு. ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினரான வி. நவரத்தினம், தமிழரசுக் கட்சியைவிட்டு நீங்கித் தமிழர் சுயாட்சிக் கழகத்தை நிறுவி, 1970இல் அத்தொகுதியிலேயே போட்டியிட்டார். தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினத்திடம் அவர் தோல்வியுற்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டில் அதே இரத்தினம், தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் அங்கு வெற்றிபெற்றார். ஏழாண்டுகளில் தீவகம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

இத்தேர்தலில் எம். எச். எம். அஷ்ரப் முதலியோரின் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி கூட்டணியுடன் உடன்பாடு கண்டது. ஆயினும் அதன் வேட்பாளர் எவரும் வெல்லவில்லை. கல்முனையும் சம்மாந்துறையும் ஐக்கிய தேசியக் கட்சியினரையே தெரிவுசெய்தன. எந்தச் சமயப் பிரிவும் பிறிதொன்றை ஆதிக்கஞ்செய்யாத அமைப்பை வட்டுக்கோட்டைத் தீர்மானம் வாக்களித்திருந்தது. ஆனால் முஸ்லிம்கள் வேண்டியது தமது பங்கின் தெளிவான வடிவம். 1987ஆம் ஆண்டு இந்திய – இலங்கை ஒப்பந்தம் அவர்களைக் கலந்தாலோசியாமலே வடக்கையும் கிழக்கையும் இணைத்தது. 1988ஆம் ஆண்டு மாகாணசபைத் தேர்தலில் அஷ்ரப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களுள் 17ஐப் பெற்றமை, ஆதரவு எத்திசை சென்றது என்பதைக் காட்டும்.

கிழக்கில் முஸ்லிம்கள் தேர்தல் முடிவைத் தீர்மானிக்கும் தொகையினர். தீவகத்தின் நிலை வேறு. நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் அயலில் பள்ளிவாசலமைத்து வாழ்ந்த முஸ்லிம்கள் சிறு தொகையினரே. அவர்தம் வாக்கின்றியும் ஊர்காவற்றுறையில் வெல்லலாம். இதே நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு உறுதியளிக்கின்றது.

அந்நியருக்கே அன்று கிடைத்த உறுதி, வடபுலத்தின் சொந்தக் குடிகளுக்கு 1990 ஒக்டோபரில் இல்லாதொழிந்தது. ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர் ஒக்டோபர் 30இல் ஜின்னா மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் நீங்குமாறு பணிக்கப்பட்டனர். அவர்களும் தமிழ் பேசும் மக்களே. மொழியை அடிப்படையாகக் கொண்டெழுந்த கோரிக்கை, அம்மொழியினரையே புறந்தள்ளியபோது தன் அடித்தளத்தைத் தானே தகர்த்துக்கொண்டது. முஸ்லிம் ஆதரவு ஏன் நிலைக்கவில்லை என வினவுவோர், அவ்வாதரவுக்கு ஈடாக அளிக்கப்பட்ட வாக்குறுதி எவ்வாறு பேணப்பட்டது என்பதையே முதலில் ஆராய்தல் தகும்.