"கரியரில கட்டேலுமோ?" – கிற் பாக்கின் அளவும் வன்னிக் கிரிக்கெட்டும்

போன மாசம் எங்கட ஊர் விளையாட்டுக் கழகத்தில ஒரு கூட்டம். சனசமூக நிலைய விறாந்தையில பதினைஞ்சு பேர் இருந்தோம். கதைக்க வேண்டிய விடயம் ஒண்டே ஒண்டுதான். கழகத்தின் பழைய ஆக்கள் வெளிநாட்டிலயிருந்து அனுப்பின காசில கடினப்பந்துக்கு வேண்டிய சாமான்கள் வாங்கியாச்சு. அதுகளைப் போட்டு வைக்க ஒரு கிற் பாக் வேணும். எவ்வளவு பெரிசு வாங்கிறது? பத்து நிமிசத்தில முடியவேண்டிய கதை, இரண்டு மணித்தியாலம் இழுபட்டது.

எங்கட வயதுக்காரர் எல்லாருக்கும் ஒரே விருப்பம்: ரீவியில பார்க்கிற மாதிரி சில்லு பூட்டின பெரிய பாக். எல்லாம் அதுக்குள்ள அடங்கவேணும், இழுத்துக்கொண்டு போகவேணும். மூலையில இருந்த ஒரு அண்ணை, அந்தக் காலத்தில கழகத்துக்கு விக்கெட் காத்தவர், ஒரு கேள்விதான் கேட்டார்: "கரியரில கட்டேலுமோ?"

நாங்கள் சிரிச்சிட்டம். ஆர் இப்ப சைக்கிள் கரியரில கிற் பாக் கட்டுறது? வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் நிக்குது. ஆனால் கூட்டம் முடிஞ்சு வீட்டை போகேக்க அந்தக் கேள்வி எங்களோடயே வந்தது. வரலாறு படிக்கிற பிள்ளைகள் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம். ஒரு பையின்ர அளவுக்குள்ள எவ்வளவு வரலாறு இருக்குதெண்டு அதுவரை யோசிச்சதில்லை. இந்தக் கட்டுரை அங்கயிருந்துதான் தொடங்குது.

காயங்களின் பை

கிற் பாக்கின் நீளத்தைத் தீர்மானிப்பது மட்டை. சட்டப்படி மட்டை 38 அங்குலத்துக்கு (96.5 செ.மீ.) மேல் நீளமாக இருக்கக்கூடாது, அகலம் 4.25 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அகலத்துக்கான எல்லை 1771 இல் பிறந்தது. இங்கிலாந்தில தோமஸ் வைற் எண்டவர் விக்கெட் முழுவதையும் மறைக்கிற அளவுக்கு அகலமான மட்டையோட ஆட வந்தார். எதிரணியான ஹம்பிள்டன் கழகத்தார் கோவப்பட்டு எழுதிவைச்ச விதி அது. நீளத்துக்கான எல்லை 1835 இல் வந்தது.

நீளம் இப்படிக் கட்டுப்பட்டாலும் பாக் பருத்துக்கொண்டே போனது. காரணம் பந்துவீச்சு. 1835 இல் தோள் உயரம் வரை கையைத் தூக்கி எறியலாம் எண்டு அனுமதி வந்தது. 1864 இல் தலைக்கு மேலால எறியலாம் எண்டானது. பந்து வேகமாக வர வர, அதைத் தடுக்கிற சாமான்களும் கூடின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில பாட்ஸும் கிளவுஸும் பரவலாகின. அதே காலத்தில இங்கிலாந்தில ரயில் பாதைகள் விரிஞ்சன. 1846 இல் வில்லியம் கிளார்க் தொடங்கின ஒல் இங்கிலாந்து அணி ஊர் ஊராகப் போய் ஆடினது அந்த ரயில்களை நம்பித்தான். ஆட்டக்காரர் பயணம் போகத் தொடங்கினால் பையும் தேவைப்படும்தானே.

தலைக்கவசம் வந்தது மிகவும் பிந்தி, 1970களின் கடைசியில. அதுக்குக் கொஞ்சம் முன்னம், 1975 உலகக் கிண்ணத்தில, லண்டன் ஓவல் மைதானத்தில இலங்கை அவுஸ்திரேலியாவோட ஆடினது. ஜெஃப் தொம்சனின் பந்துகளில அடிபட்டு துலீப் மென்டிசும் சுனில் வெத்தமுனியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மென்டிசுக்குத் தலையில அடி. அந்தக் காலத்து கிற் பாக்கில ஹெல்மெட்டுக்கு இடமில்லை. இண்டைக்குப் பாக்கில அதிக இடம் பிடிக்கிற சாமான்களில அதுவும் ஒண்டு. ஆக, பாக்குக்குள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானும் எங்கயோ ஆருக்கோ பட்ட காயத்துக்குப் பின்னால வந்தது.

கிரிக்கெட் உலகத்தில தொழில்முறை ஆட்டக்காரர் பாவிக்கிற பெரிய பெட்டிக்கு ஆங்கிலத்தில ஒரு செல்லப்பேர் இருக்கு. தமிழில சொன்னால் "சவப்பெட்டி". அவர்களுக்கு அது பகிடி. எங்கட ஊரில அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்.

பையோட வந்த ஊர்

இலங்கையில கிரிக்கெட் வெள்ளைக்காரரோட வந்தது. கொழும்பு கிரிக்கெட் கழகம் 1832 இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடுகிற வடக்கின் பெருஞ்சமர் 1904 இல் தொடங்கியது. அந்தக் கல்லூரிகளுக்குத் தோல்பந்தும் பாட்ஸும் நூறு வருசத்துக்கு மேற்பட்ட சொத்து.

வன்னியின் கதை வேற. இரணைமடுக் குளத்தையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் நம்பிக் காடு வெட்டிக் குடியேறின சனம் இங்க கனபேர். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலயிருந்து உடுத்த உடுப்போட வந்தவர்களும் இங்கதான் தங்கினார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984 இல்தான். அதாவது வன்னி, ஏற்கெனவே கையில ஒரு பையோட வந்து இறங்கினவர்களின் ஊர். அந்தப் பையில உடுப்பும் சட்டி பானையும் இருந்திருக்கும். கிரிக்கெட் மட்டை இருந்திராது.

அதனால எங்கட கிரிக்கெட் மென்பந்தில வளர்ந்தது. கங்குமட்டை, தென்னம்மட்டை, தச்சாசாரியார் பூவரசம் பலகையில சீவித் தந்த மட்டை. ஒரு ரெனிஸ் பந்து, மூண்டு தடி. இதுக்கு என்னத்துக்கு கிற் பாக்? மட்டையைச் சைக்கிள் பாரில வைச்சுக் கட்டினால் சரி.

1990 இல் போர் திரும்பவும் வெடிச்சு பொருளாதாரத் தடை வந்தபோது, பற்றரி, பெற்றோல், சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட சாமான்கள். விளக்குக்கே மண்ணெண்ணெய் தேடின காலத்தில கிரிக்கெட் பந்தைப் பற்றி ஆர் கவலைப்படுவினம்? ஆனால் விளையாட்டு நிக்கவில்லை. பந்து வெடிச்சால் சைக்கிள் ரியூபை வளையமாய் வெட்டிச் சுத்தி ஆடினதாக அண்ணை சொன்னார். கழகத்துச் சாமான்கள் ஒரு உரபாக்கில இருந்தன. வாயைச் சணல் கயிற்றால கட்டி, கரியரில குறுக்கால வைச்சு, ரியூபால இழுத்துக் கட்டுறது. அதுதான் வன்னியின் முதல் கிற் பாக். அதின்ர சரியான அளவு, கரியரில கட்டக்கூடிய அளவு.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில இடம்பெயர்ந்தது. அதுக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பங்களில பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆடின பெடியளும் இருந்தார்கள். அண்ணைக்கு விக்கெட் காக்கப் பழக்கினது அப்படி வந்த ஒருத்தராம். இடப்பெயர்வு நிறையத்தைப் பறிச்சது. போற வழியில சிலதைக் கைமாற்றியும் விட்டது.

பாதை திறந்தால் பாக் பெருக்கும்

2002 பெப்ரவரியில போர்நிறுத்த உடன்பாடு. ஏப்ரலில ஏ9 பாதை சனத்துக்குத் திறந்தது. கொழும்பிலயிருந்தும் யாழ்ப்பாணத்திலயிருந்தும் சாமான்கள் வரத் தொடங்கின. எங்கட கழகத்துக்கு முதன்முதலாய் உண்மையான கிற் பாக் கிடைச்சது அப்பதான்: நீலநிற கன்வஸ் பை, நீட்டுக்கு சிப்.

ஆனால் பாதை திறந்தது எண்டதுக்கு அர்த்தம் சும்மா போய்வரலாம் எண்டதில்லை. ஓமந்தையிலயும் முகமாலையிலயும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில நிண்டு, திறந்து காட்டி, திரும்ப அடுக்கவேணும். புலிகளின் பக்கத்திலயும் சோதனை இருந்தது; புளியங்குளத்தில கொண்டுவாற சாமானுக்கு வரியும் இருந்தது. பெரிய பாக் எண்டால் பெரிய சோதனை. ஒவ்வொரு பாட்ஸாக வெளியில எடுத்துத் தட்டிப் பார்ப்பினமாம். "சின்னப் பாக் கொண்டுபோறவன் கெதியாய் வீட்டை போவான்" எண்டது அந்தக் காலத்துப் பாடம்.

2006 ஓகஸ்ட் 11 இல் பாதை திரும்பப் பூட்டுப்பட்டது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. அதுக்கு முன்னமே சனம் கிழக்குப் பக்கம் அசையத் தொடங்கிவிட்டது. பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, பிறகு மாத்தளன், முள்ளிவாய்க்கால். எங்களில சிலருக்கு அப்ப நாலு, அஞ்சு வயது. எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது ஆற்றையோ தோளும், லாண்ட்மாஸ்ரர் பெட்டியில அடுக்கின மூட்டைகளுக்கு இடையில இருந்த இடுக்கும்தான்.

கழகத்தின் நீலப் பாக்கும் அந்தப் பாதையில போனது. அண்ணை கூட்டத்தில இதைச் சொல்லேல்ல. பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் சொன்னார். தருமபுரம் வரைக்கும் பாக் முழுசாய் வந்ததாம். விசுவமடுவில மட்டைகளையும் பாட்ஸையும் வெளியில எடுத்து வைச்சிட்டு, பிள்ளைகளின் உடுப்பையும் அரிசியையும் அதுக்குள்ள போட்டார்களாம். மட்டைகள் பிறகு விறகாய்ப் போயிருக்கும். "பாக்கை விடேல்ல தம்பி. பாக் நல்ல பாக்" எண்டு சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசாமல் இருந்தார்.

அதுக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். கம்பிவேலிக்குள்ள, கூடாரங்களுக்கு இடையில, கிடைச்ச பலகைத்துண்டால பெடியள் திரும்பவும் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில மூடப்பட்டது. அதே 2012 இல்தான் முரளிதரனின் பெயரிலான முரளி கிண்ண ரி20 போட்டிகள் வடக்கில நடந்தன. கிளிநொச்சியிலயும் மாங்குளத்திலயும் ஒட்டுசுட்டானிலயும், தெற்கிலயிருந்து வந்த பாடசாலைப் பெடியளும் எங்கட பெடியளும் ஆடினார்கள். சில்லு பூட்டின பாக்குகளைக் கிட்டத்தில பார்த்தது அப்பதான் எண்டு சொல்லுற ஆக்கள் இப்பவும் ஊரில இருக்கினம்.

சில்லும் கிரவல் றோட்டும்

பயணப் பெட்டிக்குச் சில்லு பூட்டுற யோசனைக்கு அமெரிக்கரான பேர்னாட் சடோ 1972 இல் காப்புரிமை எடுத்தார். 1987 இல் றொபேட் பிளத் எண்ட விமானி, நிமிர்த்தி இழுக்கிற கைபிடியைச் சேர்த்தார். இரண்டும் விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்காக யோசிச்சவை. ஏ9 இப்ப காபெற் றோட். 2013 செப்ரெம்பரில யாழ்தேவி கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. மேடையில சில்லுப் பாக் ஓடும். ஆனால் பிரதான றோட்டில இறங்கி உள்ளுக்கு வாற மூண்டு மைல் கிரவல் றோட்? மாரியில சேறு, கோடையில குறுணிக்கல். பக்கத்து ஊர்க் கழகம் வாங்கின சில்லுப் பாக்குக்கு ஒரு வருசத்துக்குள்ள ஒரு சில்லுப் போச்சு. இப்ப அதை நாலு பேர் பாடை மாதிரித் தூக்கிக்கொண்டு போகினம்.

காசும் ஒரு விசயம். 2022 இல் டொலர் ஒரு சில மாசத்துக்குள்ள 200 ரூபாவிலயிருந்து 350 ரூபாவைத் தாண்டினபோது, வெளியிலயிருந்து வாற விளையாட்டுச் சாமான் எல்லாம் கைக்கெட்டாமல் போச்சு. பதினொரு பேருக்குப் பதினொரு பாக் எண்டது நகரத்துப் பெரிய கல்லூரிக் கணக்கு. எங்களுக்கு அது சரிவராது. சரிவந்தாலும், தன்ர பாக் தன்ர சாமான் எண்டு வந்தபிறகு, சாமான் இல்லாத பெடியன் ஆட வரமாட்டான்.

அதால நாங்கள் வேற மாதிரிக் கணக்குப் பார்த்தோம். கடினப்பந்தில ஒரு நேரத்தில ஆடுகளத்தில நிக்கிறது இரண்டு துடுப்பாட்டக்காரர். அடுத்து இறங்க ஆயத்தமாய் இருக்கிறது ஒருத்தர், மிஞ்சினால் இரண்டு பேர். ஆக நாலு சோடி பாட்ஸ், நாலு சோடி கிளவுஸ், மூண்டு ஹெல்மெட், நாலு மட்டை இருந்தால் ஒரு அணி ஆடலாம். உள்ளுக்குப் போடுற காட் மட்டும் ஆளுக்கு ஒண்டு, அது அவரவர் வீட்டில. விக்கெட் காப்பாளரின் பாட்ஸ், கிளவுஸ், தடிகள், பந்துகள் தனி. கடையில கிடைக்கிற பெரியாக்களின் மட்டை பெரும்பாலும் 85 செ.மீ. அளவு. பாக்கின் உள்நீளம் 90 செ.மீ. இருந்தால் சரிவாய் வைக்காமல் நேராய் அடங்கும். அதைவிடக் குறைஞ்சால் மட்டையின் பிடி சிப்பைக் கிழிக்கும். 110 செ.மீ. எண்டு வாங்கினால் மிஞ்சின இடத்தில ஆரும் எதையாவது போடுவினம், பிறகு ஒருத்தரால தூக்கேலாது.

கடைசியில, சில்லில்லாத, இரண்டு தோள்பட்டி வைச்ச இரண்டு பாக் வாங்கினோம். ஒண்டு துடுப்பாட்டத்துக்கு, மற்றது மிச்சத்துக்கு. ஒவ்வொண்டும் ஒருத்தர் தூக்கக்கூடியது. மோட்டார் சைக்கிளில பின்னுக்கு இருக்கிறவர் தோளில போடலாம், பஸ்ஸில கடைசி சீற்றுக்குக் கீழ தள்ளலாம். ஒரு வீட்டில ரெண்டு கிழமை, பிறகு அடுத்த வீடு எண்டு முறை வைச்சிருக்கிறம்.

பாக்கில பதிஞ்சிருக்கிற இரண்டு எழுத்தைப் பற்றித் தேடிப் பார்த்தபோது இன்னொரு கதை வந்தது. எஸ்ஜி எண்ட அந்த நிறுவனத்தை 1931 இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கினது சியால்கோட்டில. 1947 பிரிவினையோட சியால்கோட் பாகிஸ்தானுக்குள்ள போக, அவர்கள் எல்லை தாண்டி வந்து கடைசியில மீரட்டில வேரூன்றினார்கள். அவர்களைப் போல எத்தினையோ விளையாட்டுச் சாமான் தொழிலாளர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் இடம்பெயர்ந்து வந்ததாலதான் அந்த நகரங்கள் இண்டைக்கு மட்டைக்குப் பேர்போனவை. இடம்பெயர்ந்தவர்கள் தைச்ச பாக், இடம்பெயர்ந்தவர்களின் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கு.

பாக் வந்த அண்டு அண்ணையும் வந்திருந்தார். சிப்பை இழுத்துப் பார்த்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன்ர பழைய சைக்கிளின் கரியரில குறுக்கால வைச்சு, ரியூபால ஒரு சுத்துச் சுத்தி இறுக்கினார். ஆடேல்ல. இந்தமுறை நாங்கள் ஒருத்தரும் சிரிக்கேல்ல. அவிட்டுத் தந்திட்டு, "சரி, மட்டையை வையுங்கோ" எண்டார்.